கொரகொரப்பு இருந்த இடம்

சீட்டுக்காரர் அந்தக் காரில் பிரேக்கை மிதிக்க வேண்டுமென்றால் முதலில் முதுகைச் சீட்டிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிறகு இடுப்பை முன்னால் நகர்த்தி, கால் கட்டைவிரலை நீட்டி, வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே எட்ட வேண்டும். முன்னால் போகிற வண்டிக்காரன் ஏதாவது புண்ணியம் செய்திருந்தால் தப்பித்துக்கொள்வான். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டால் தீர்ந்தது. அடியில் ஒரு கம்பி இருக்கிறது, தூக்கிப் பிடித்தால் பல் பல்லாக நகரும். காலமெல்லாம் கார் சீட்டைக் கழற்றி உறை தைத்துப் பூட்டுகிற மனுஷனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சீட்டு, பையன் தள்ளி வைத்த இடத்தில் இருக்கிறது. பையன் அம்மா வழியில் நல்ல உயரம். சீட்டுக்காரரோ, அவர் மனைவி ஒருமுறை பார்த்துச் சொன்னதுபோல, "மடிச்சு வச்ச" உயரம்.

பையன் செத்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. காய்ச்சல் என்றான். ஆஸ்பத்திரிக்கு அவனே கார் ஓட்டிக்கொண்டு போனான், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. திரும்பி வரும்போது சீட்டுக்காரர்தான் ஓட்டி வந்தார். அன்றைக்கு பிரேக் எட்டவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ சீட்டைச் சரிசெய்யக் குனிந்தவரை மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டாள். "அதத் தொடாதீங்க." அவ்வளவுதான். கண்ணாடியையும் தொடக்கூடாது. அதனால் சீட்டுக்காரருக்குக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாது, வானம் தெரியும். மழை வருமா என்று மட்டும் சொல்வார். முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் தன் கடையிலேயே ஒரு தலையணை தைத்து வைத்துக்கொண்டிருந்தார். தெருமுனை தாண்டியதும் அதை எடுத்துச் சொருகுவார், வீடு வருவதற்குமுன் டிக்கியில் ஒளித்துவிடுவார். ஊரில் சிலர் புட்டியை இப்படி ஒளிப்பார்கள். இவர் தலையணையை ஒளித்தார்.

சீட்டுக்காரர் என்ற பெயரைக் கேட்டுவிட்டுச் சீட்டு சேர வந்தவர்களும் உண்டு. அவர்களை உட்கார வைத்து, "நான் பிடிக்கிற சீட்டுல நீங்க உக்காரத்தான் முடியும்" என்று அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட வாய். அந்த வாய்தான் பையனையும் விட்டு வைக்கவில்லை.

பையன் நாலு நண்பர்களோடு சேர்ந்து பாட்டு வாசித்தான். அவன் வாசித்தது பேஸ் கிட்டார், அடித்தொண்டையில் மட்டும் பேசுகிற வகை. முதல் நாள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தபோதே சீட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார். "நாலு கம்பிதான் இருக்கு. மிச்ச ரெண்டையும் கடைக்காரன் வச்சுக்கிட்டானா?" பையன் சிரித்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் வாசிக்கப் போனபோது அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். "பாடுறவன் பாடுறான். தட்டுறவன் தட்டுறான். நீ மட்டும் ஓரமா நின்னு வயித்தச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கியே, ஒண்ணும் கேக்கலியே?" அதற்கும் சிரித்தான். பதில் சொல்லுமுன் ஒரு நொடி நின்று யோசிக்கிற பிள்ளை அவன். படியிறங்குமுன் நிற்பான், செருப்பு மாட்டுமுன் நிற்பான், சூடான டீயை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்துவான். "இவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்சு டிப்போவுல போய்ப் படுத்துக்கும்" என்பதும் சீட்டுக்காரருடைய ஜோக்குதான். எல்லாம் அப்போது நன்றாகத்தான் இருந்தன. இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கின்றன. உள்ளே வா என்றும் சொல்ல முடியவில்லை, போ என்றும் சொல்ல முடியவில்லை.

நண்பர்கள் நாலு பேரும் அவனும் சேர்ந்து பதிவு செய்த பாட்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். செல்போனில் கேட்டால் மற்றவர்கள் எல்லாம் வந்திருப்பார்கள், பையன் மட்டும் அன்றைக்கு லீவு போட்ட மாதிரி இருக்கும். காரில் பின்சீட்டுக்குப் பின்னால், பின்கண்ணாடியை ஒட்டிய பலகைக்குக் கீழே, கம்பெனியே வைத்துக் கொடுத்த வூஃபர் ஒன்று உண்டு. அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் அதில்தான் வரும். அதனால் அவன் அம்மா சாயங்காலமானால் கொட்டகையில் நிற்கிற காரின் பின்சீட்டில் போய் உட்காருவாள். பாட்டு ஒருமுறை ஓடும். இறங்கி வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். அந்த ஒருமுறைக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள் என்று சீட்டுக்காரருக்குத் தோன்றும்.

ஒரு சாயங்காலம் இறங்கி வந்தவள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

"ஏங்க, அவன் சத்தம் தேயுது."

"யார் சத்தம்?"

"வேற யாருக்காக நான் போய் அங்க உக்காந்துக்கிட்டிருக்கேன்? நம்ம பையன் சத்தந்தான். முன்ன மாதிரி இல்ல. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கம்மியாகுது."

"ஒனக்குக் காது அடைச்சிருக்கும்."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க பக்கத்து வீட்டுல என்னப் பத்திச் சொல்றதெல்லாம் கேக்குதே." அவள் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். "ஒரு நாள் சுத்தமா நின்னு போயிடும். அப்புறம் நான் எங்க போய் உக்காருவேன்னு தெரியல."

மறுநாள் சீட்டுக்காரர் காரைத் தன் கடைக்கு முன்னால் நிறுத்தாமல் அடுத்த கடைக்கு முன்னால் நிறுத்தினார்.

*

அவர் கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காருக்கு ஸ்பீக்கர் பூட்டுகிறவன். அவன் சோதனை போட்டால் இந்தப் பக்கம் ஊசிப் பெட்டியில் ஊசிகள் நடக்கும். அதனால் அவனுக்கு இடி என்று பெயர். பேசுவது மட்டும் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல் இருக்கும்.

இடி டிக்கிக்குள் தலையை விட்டு, கீழிருந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

"பார்டர் போச்சுண்ணே. சுத்தி இருக்கிற நுரை மாவா உதிருது. நடுவுல கிண்ணம் மாதிரி இருக்கிற பேப்பரும் கிழிஞ்சிருக்கு. இது வாசிக்கல, இருமிக்கிட்டிருக்கு. அடியில காந்தத்தப் பாருங்க, சட்டைப் பட்டன் மாதிரி. கம்பெனிக்காரன் பேருக்கு ஒண்ணு வச்சிருக்கான்."

"நல்லதா ஒண்ணு போடு. ஆனா வெளியில ஒரு மயிரிழை மாறக்கூடாது."

"சத்தம் பெருசா வேணும், சாமான் கண்ணுக்குத் தெரியக்கூடாது. வர்றவங்க எல்லாம் இதத்தாண்ணே கேக்கிறாங்க. ஒங்க அளவுக்குப் பயந்துக்கிட்டு யாரும் கேட்டதில்ல."

"அண்ணியத் தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்ணே. அவங்க வீட்ல பல்லிகூட இடம் மாறாது."

வண்டியை சர்வீசுக்கு விடுகிறேன் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு ஒரு நாள் காலையில் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் கூடவே வாசல் வரைக்கும் வந்திருந்தாள். "சீட்டத் தள்ளச் சொல்லாதீங்க. கண்ணாடியத் தொடைக்க விடாதீங்க. அவன் திறந்து வச்ச ஜன்னல் இடுக்கு அப்படியே இருக்கட்டும்." சர்வீஸ்காரன் என்று ஒருவன் இருந்திருந்தால் பாவம், வண்டியைத் தொடாமல் கும்பிட்டுத்தான் அனுப்பியிருப்பான்.

வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். பழைய பிளாஸ்டிக் குளிரில் உடையும், சூட்டில் வளையும். பின்சீட்டைத் தூக்கி, ஓரப் பட்டைகளை நெம்பி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக வந்த வரிசைப்படி ஒரு தட்டில் வைத்தான் இடி. பலகையைத் தூக்கியதும், ஸ்பீக்கரை மூடியிருந்த கறுப்புத் துணி போர்த்திய வலை தனியாக வந்தது. வெயில் பட்டுப் பட்டு அந்தத் துணி ஒரு பக்கம் சாம்பலாக வெளுத்திருந்தது. "புதுத் துணி ஒட்டிடலாமாண்ணே?" என்று கேட்டான். சீட்டுக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே உட்கார்ந்து, ஓரத்தில் பிரிந்திருந்த இடத்தை வெளுத்த நூலைத் தேடி எடுத்துத் தைத்தார். வெளுத்த நூல் கடையில் விற்காது. பழைய உறை ஒன்றைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

தகராறு வந்தது புது ஸ்பீக்கரை உட்கார வைக்கும்போது. வட்டம் அதே வட்டம்தான், திருகு ஓட்டைகள் மட்டும் சேரவில்லை. மரவளையம் ஒன்று அடியில் கொடுக்கலாம். கொடுத்தால் வலை நகக்கனத்துக்கு மேலே தூக்கும்.

"நகக்கனம் தூக்கினா அவளுக்கு மல மாதிரி தெரியும்" என்றார் சீட்டுக்காரர்.

"அப்ப ஒரே வழிதாண்ணே. பழசோட வளையத்த வெட்டி எடுத்துக்கலாம். அதுக்குள்ள புதுச உக்கார வச்சுட்டா ஓட்டையும் அதே ஓட்டை, உயரமும் அதே உயரம். கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். பழசு மட்டும் திரும்ப ஆகாது."

"வெட்டு."

யோசிக்கவே இல்லை. யோசிப்பது பையனுடைய பழக்கம், அவருடையது அல்ல. இடி கட்டரை எடுத்தான். பொறி பறந்தது. காந்தம் ஒரு பக்கம், கிழிந்த பேப்பர் ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம் என்று பிரிந்தது. பழைய சாமானைப் புதுசு வந்த பெட்டியிலேயே போட்டு வாடிக்கைக்காரர் கையில் கொடுத்துவிடுவது இடியின் வழக்கம். மிஞ்சியதை அப்படியே பெட்டியில் போட்டான்.

அடியில் மூடின பெட்டி ஒன்று பொருத்தி, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் சின்ன ஆம்ப்ளிஃபயரை ஒளித்து, மேலே டிக்கி விரிப்பைப் போட்டாகிவிட்டது. பிறகு கொரகொரப்பு வேட்டை. ஒரே தாளத்தை மெல்ல ஓடவிட்டு, இடி உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டே சுற்றி வந்தான். எங்கே அதிர்கிறதோ அங்கே கறுப்புத் தார் ஷீட்டை ஒட்டி உருளையால் தேய்த்தான். நம்பர் பிளேட் நடுங்கியது. பிரேக் விளக்கின் மூடி முணுமுணுத்தது. ஒன்றை அடக்கினால் இன்னொன்று பேசியது. "குடும்பம்ணே இது" என்றான் இடி. கடைசியில் எல்லாம் வாயை மூடின.

"பையன் பாட்டப் போடுங்க."

சீட்டுக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பாட்டை அவர் இதுவரை முழுதாகக் கேட்டதில்லை, கொட்டகைப் பக்கமே போகமாட்டார். முதலில் தட்டுகிறவன் வந்தான். பிறகு அவர் முதுகுத்தண்டுக்குள்ளேயே யாரோ நடந்து வந்தார்கள். பெரிய காலடி, நிதானமான காலடி. பாடுகிறவன் குதித்துக்கொண்டும் அலைந்துகொண்டும் இருந்தான். இந்தக் காலடி மட்டும் அவன் விழுகிற இடத்தில் எல்லாம் கீழே போய் நின்று தாங்கிக்கொண்டது. எடுத்துவிட்டால் பாட்டே தொப்பென்று விழுந்துவிடும் என்பது உறை தைக்கிறவருக்குக்கூடப் புரிந்தது.

நடுவில் எல்லோரும் நிற்கிற ஓர் இடம். மறுபடி எல்லோரும் சேர்ந்து தொடங்கினார்கள். காலடி மட்டும் ஒரு நொடி நின்றது. பிறகு வைத்தது.

"அங்க கொஞ்சம் லேட்டா விழுது" என்றான் இடி, குசுகுசுவென்று. "வயர்ல ஏதாவது..."

"வயர் இல்ல" என்றார் சீட்டுக்காரர். இடி போய் ஏற்கெனவே இறுக்கியிருந்த திருகு ஒன்றைத் திரும்பவும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

*

அன்று சாயங்காலம் அவள் கொட்டகைக்குப் போனபோது சீட்டுக்காரர் கதவோரம் நின்றார். சீட்டு, கண்ணாடி, ஜன்னல் இடுக்கு, பலகைத் துணி என்று அவள் கண் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு வந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி. உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. கொட்டகைத் தகரம் லேசாக அதிர்ந்தது. சீட்டுக்காரர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டார்.

பாதியில் அவள் நிறுத்தினாள்.

"யாரு இது?"

"யாருன்னா? பாட்டுதான்."

"அவன் எங்க?"

"இவன்தாம்மா அவன். நல்லாக் கேளு. இப்பத்தான் தெளிவா..."

"இவன் இல்ல." அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கொரகொரப்பு எங்க?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வெட்டியது வரைக்கும் சொன்னார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தி, அது ஒரு மாதிரி முடிந்திருக்கும்.

"இந்தப் பாட்டு வந்த அன்னைக்கு என்ன உக்கார வச்சுப் போட்டுக் காட்டினான். நீங்க வரமாட்டேன்னுட்டீங்க, சொறியறத என்ன கேக்கறதுன்னு. இதுல நீ எதுடா, எனக்குத் தெரியலியேன்னேன். சத்தத்த ஏத்தினான், ஏத்தினான், படார்னு பின்னாடி கிழிஞ்சு போச்சு. சிரிக்கிறான். அதுக்கப்புறம் அவன் வர்ற எடத்துல எல்லாம் கொரகொரன்னுச்சு. அம்மா, எங்க கொரகொரன்னு வருதோ அது நான், அவ்வளவுதான்னான். பாட்டெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? அது தெரியும். அதுதாங்க தேயுதுன்னு சொன்னேன்."

"சத்தம் தேயுதுன்னுதான் சொன்னே..."

"ஆமா. அதத்தான் சொன்னேன்."

ரிப்பேர்க்காரனிடம் யார் வந்து எந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாலும், அது நின்று போகத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். இத்தனை வருஷத் தொழிலில் கொரகொரப்பு வேண்டும் என்று ஒருவரும் வந்ததில்லை. சீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து, பழைய சாமான் கிடந்த பெட்டியை எடுத்தார். தலையணை கீழே விழுந்தது. அவள் அதையும் பார்த்தாள். பெட்டியிலிருந்து கிழிந்த பேப்பர்க் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நுரைத்தூள் புடவையெல்லாம் ஒட்டியது. கிண்ணத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். காகிதம் காகிதமாகத்தான் சத்தம் போட்டது.

*

மறுநாள் காலையில் இரண்டு கடைக்காரர்களும் தொழிலுக்கே துரோகம் செய்தார்கள். கொரகொரப்பைத் திரும்ப வரவழைக்க இடி ஒரு திருகைத் தளர்த்திப் பார்த்தான். காகிதத் துண்டை ஓரத்தில் ஒட்டிப் பார்த்தான். "எடுக்கத்தாண்ணே தெரியும் எனக்கு. வைக்கத் தெரியலியே" என்று தலையைச் சொறிந்தான். எது சரியென்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்தவள் வீட்டில் இருந்தாள்.

சீட்டுக்காரர் போய் அழைத்தார். வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். அவள் பேப்பர்க் கிண்ணத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து பின்சீட்டில் ஏறினாள். வீட்டு வாசலைத் தாண்டி அவள் வந்து வெகுநாளாகியிருந்தது.

"அண்ணி, இது மாதிரியா?"

"இல்ல தம்பி. இது வண்டு."

"இது?"

"இது ஏதோ தகரம்."

"இப்பப் பாருங்க அண்ணி."

"இது நீங்க தொண்டையைக் கனைக்கிற மாதிரி இருக்கு."

சீட்டுக்காரர் பழைய கிண்ணத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டி எடுத்து, புதியதன் ஓரத்தில் நூலால் தைத்துக்கூடப் பார்த்தார். ஸ்பீக்கரில் ஊசி ஏற்றிய முதல் மனுஷன் அவராகத்தான் இருப்பார். கிர்ரென்று ஒன்று வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"விடுங்க. போனது போயிடுச்சு."

இடி எல்லாக் கீற்றையும் எடுத்தான். திருகுகளை இறுக்கினான். வண்டியை எடுத்துப் போகுமுன் சோதித்துப் பார்ப்பது பழக்கம் என்பதால், அவன் கை தானாகப் பாட்டை ஓடவிட்டது. நிறுத்தப் போனவனைச் சீட்டுக்காரர் கையமர்த்தினார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர், ஸ்டியரிங்கின் மேல் விரலால் காலடியோடு சேர்ந்து தட்டினார். நடுவில் எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் தொடங்கினார்கள். அவர் விரல் மட்டும் ஒரு நொடி மேலேயே நின்றது. பிறகு விழுந்தது.

"அங்க என்ன, விட்டுட்டானா?" என்றாள் பின்னாலிருந்து.

"விடல. யோசிக்கிறான்."

பாட்டு முடிந்தது.

"மறுபடி போடுங்க. அந்த எடத்துக்கு."

போட்டார். காலடி வந்தது, நின்றது, வைத்தது. பின்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிப்பா, மற்றதா என்று கண்ணாடியில் பார்க்கலாமென்றால் கண்ணாடியில் வானம்தான் இருந்தது.

"செருப்பு மாட்டறப்பகூட இப்படித்தான் நிப்பான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொரகொரப்புல இது எனக்குக் கேக்கவே இல்லீங்க" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அது அவனே சொல்லிக் கொடுத்தது" என்றாள்.

"ஆமா" என்றார் சீட்டுக்காரர்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். பேப்பர்க் கிண்ணம் அவள் மடியில் இருந்தது. தலையணையைச் சொருகிக்கொள்ள அவருக்குத் துணிவில்லை. முதல் சிக்னலில் முதுகைப் பிரித்து, இடுப்பை நகர்த்தி, கட்டைவிரலை நீட்டி எட்டினார். வண்டி குலுங்கி நின்றது, முன்னால் நின்றவனுக்கு ஒரு சாண் இடம் விட்டு.

"ஏங்க."

"ம்."

"சீட்டக் கொஞ்சம் முன்னாடி இழுத்துக்குங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து கம்பியைப் பிடித்தார். உடனே இழுக்க முடியவில்லை. பிறகு தூக்கினார். சீட்டு ஒரு பல் நகர்ந்து, டக்கென்று நின்றது.

"போதுமா?" என்றாள்.

போதாது. இன்னும் மூன்று பல்லாவது வேண்டும், தொழில் தெரிந்தவருக்கு அது தெரியும்.

"இன்னைக்கு இது போதும்" என்றார்.

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சீட்டுக்காரர் முதுகைச் சீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு, காலை நீட்டினார்.